அடுப்படி வரைக்கும்

சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குக் கொடுத்த வேலை. தணிகாசலத்துக்கு உலகத்தில் வராத வேலை அது ஒன்றுதான். ஹாலில் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு, படுக்கையறைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடினால் உள்ளே நடப்பது கேட்காது. வியர்த்தது. வியர்க்கட்டும். உள்ளே மனைவி சுலோசனா எழுந்திருக்கப் பார்க்கிறாள். நாற்காலி கிறீச்சிட்டது, அடங்கியது. எழவில்லை. மறுபடி கிறீச். கையை ஊன்றியிருப்பாள், ஊன்றாமல் எழ இன்னும் தெம்பு எங்கே இருக்கிறது. முன்னால் சரிந்து உட்கார், பாதத்தைப் பின்னால் இழு, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரட்டும், அப்புறம் எழு. பிசியோதெரபிக்கு வருகிற நஸ்ரின் காலையில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவளுக்கு ஞாபகம் இருக்குமா? போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாமா? வாசலில் நின்று சொன்னால் போதும், தொடக்கூட வேண்டாம். "அங்கிள், நீங்க எழுந்தீங்கன்னா இன்னிக்குப் பாடம் போச்சு" என்று நஸ்ரின் விரலை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பேத்தி வயசு. இருந்த இடத்திலேயே அவருடைய தொடை இறுகியது, குதிகால் தரையை அழுத்தியது, அவள் எழுவதற்கு இவர் இங்கே முக்கினார். கிறீச். நீளமாக ஒரு மூச்சு. அப்புறம் வாக்கரின் ரப்பர்க் கால் தரையில் பதிகிற சத்தம். எழுந்துவிட்டாள்.

டக். பிறகு சர்ரென்று பாதம் இழுபடுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. அப்புறம் டக். இந்த ஒன்றுமே இல்லாததுதான் ஆளைக் கொல்கிறது. ஆயுசில் பாதியை சரக்கு ரயில் ஓட்டியே கழித்தவர், காத்திருப்பது புதிதில்லைதான். பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறதென்றால் சரக்கு வண்டியை ஓரத்து லைனில் ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். ஜோலார்பேட்டைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குப்பம், பச்சூர், எங்கெங்கோ வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்திருக்கிறார். ஆனால் ஒரு நாளாவது சும்மா கிடந்தாரா? இறங்கி சக்கரத்தைச் சுற்றி வருவார், ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டு ஏசுவார், அசிஸ்டென்ட் பையன்மேல் எரிந்து விழுவார். சிக்னல் விழுந்தால்தான் மனுஷனாவார். அந்த ஆளை இன்றைக்குக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். டக். சர். இடது கால்தான் இழுபடுகிறது. வலது முட்டி இன்னும் மோசம், ஆனால் அதைத் தூக்கி வைக்கிறாள், இடதை இழுக்கிறாள். என்ன கணக்கோ. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் தூக்கிக் காட்டினார். ஜவ்வு தேஞ்சி எலும்போட எலும்பு ஒரசுது, பாருங்க. பார்த்தார். தண்டவாளத்தில் கிரீஸ் இல்லாமல் வளைவில் சக்கரம் திரும்பினால் ஒரு கிறீச்சல் வருமே, பல்லைக் கூச வைக்கிற கிறீச்சல், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்ததும் அவருக்கு அது கேட்டது. அப்போ அறுத்து மாத்திடுங்க டாக்டர் என்றார். அதற்குத்தானே வேலூர் வரைக்கும் வண்டி வைத்துக்கொண்டு போனது. டாக்டர் படத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். முள் அசையவே இல்லை என்கிற மாதிரி அசைந்தது. அப்புறம் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார். அவள் முன்னால் சாய்ந்ததும் இவர் பழக்கதோஷத்தில் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். டாக்டருக்குக் கோபம். "சார், நீங்க உக்காருங்க. எவ்ளோ நாளா இப்டித் தூக்கறீங்க?" என்றார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வருஷமா சார். ஒரு நாள் வுட்டதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது. டக். அறைவாசல் நிலைக்கு வந்திருப்பாள். ரெண்டு வருஷமா சார். பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற மாதிரி. டாக்டர் வையவில்லை, அதுதான் மோசம். மெதுவாகச் சொன்னார். வலிக்குதுன்னு ஒக்காந்துட்டா தொடைச் சதை கரையும், சதை கரைஞ்சா ஒடம்பு பாரம் மொத்தமும் முட்டிமேல எறங்கும், எறங்கினா இன்னும் வலிக்கும், இன்னும் ஒக்காருவாங்க. பசி போகும், தூக்கம் போகும், லேசா தள்ளினா விழுவாங்க. இவங்களுக்கு இப்போ முட்டி மட்டும் நோயில்ல, ஒடம்பே தளந்துபோச்சு. புது முட்டி நான் வெச்சிடுவேன், அத தூக்கி நடக்க இவங்க ஒடம்புல தெம்பு வேணுமே. நாலு மாசம் கழிச்சி நடத்திக் கூட்டினு வாங்க, அப்பப் பாக்கலாம். நடத்தி. அந்த வார்த்தையை மட்டும் அழுத்திச் சொன்னார். நாலு மாசத்தில் கால் தேறினால் ஆபரேஷன். தேறாவிட்டால்? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று கேட்கவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இவர் தொடைமேல் வைத்த கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்தக் கைதானே. முதன்முதல் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று உட்கார்ந்த நாளில், நீ எழாதே நான் இருக்கேன் என்று சொன்ன கை. அதுவரைக்கும் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தறியாத கை. கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியது. தண்ணீர், மாத்திரை, டிவி ரிமோட், சீப்பு, சாமி படம் எல்லாவற்றையும் அவள் கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்குக் கொண்டுவந்தது. பழைய சைக்கிள் மணியைக் கழற்றி நாற்காலிக் கைப்பிடியில் முடுக்கியதும் அதே கைதான். டிங் என்றால் போய் நிற்பார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள், எஞ்சினுக்கு ஹாரன் அடிச்சவருக்கு இப்ப வீட்டுல மணி அடிக்கிறாங்க என்று. சிரித்துவிட்டுப் போகட்டும். ஓசூரிலிருந்து மகள் கோமதி வந்து பார்த்துவிட்டு, "நைனா, நீ அம்மாவ ராணி மாதிரி வெச்சிருக்க" என்று கண் கலங்கினாள். ராணி. அப்படித்தான் ஒவ்வொரு டம்ளராக, ஒவ்வொரு டிங்காக, அவள் காலிலிருந்து சதையை இவர் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். நஸ்ரின் முதல் நாள் அந்த மணியைப் பார்த்தாள். ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். "அங்கிள், நீங்க ரொம்ப நல்லவரு. அதான் பிரச்சனையே" என்றாள்.

வாக்கரின் முன்கால் நிலையைத் தாண்டி ஹாலுக்குள் வந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தார், திரும்பிவிட்டார். சுலோசனா குனிந்து தரையைப் பார்த்தபடி நின்றாள். நைட்டிமேல் துண்டு. நெற்றி வியர்வையில் பொட்டு லேசாக இறங்கியிருந்தது. இவ்வளவு சின்ன உருவமா இவள்? நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துப் பழகிவிட்டதில் நிற்கிற சுலோசனாவின் அளவு மறந்துபோயிருந்தது. தோள் எலும்பு துண்டுக்கடியில் தெரிந்தது. கோமதி பிறந்த புதிதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனால் மேம்பாலத்துப் படியில் ஓடி வருவாள், இடுப்பில் கோமதி, கையில் டப்பா. அத்தனை பூட்ஸ் சத்தத்திலும் அவள் செருப்புச் சத்தம் தனியாகக் கேட்கும். வேகமாக வா, வண்டி கிளம்பப் போவுது என்று எஞ்சினிலிருந்து கத்துவார். நன்றி சொன்னதில்லை. வேகமாக வா என்றுதான் எப்போதும். "என்னா மொறைக்கிறீங்க?" என்றாள் சுலோசனா, தலையைத் தூக்காமல். "யாரு மொறைச்சா." "கண்ணாலியே தூக்கினு போயி அடுப்பாண்ட வெச்சிடுவீங்க போல கீது. அந்தாண்ட திரும்புங்க." திரும்பினார். தெருவில் ஒரு நாய் நிழலைத் தேடி இடம் மாறிப் படுத்தது. அதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். டக், சர். அவர் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள். நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவில் தரைவிரிப்பு இருந்ததே, எடுத்தாகிவிட்டதா? எடுத்தாச்சு. காலையிலேயே சுருட்டி மேலே போட்டாச்சு. தண்ணீர்? துடைத்தாச்சு. பாத்து என்ற சொல் தொண்டைவரை வந்தது, விழுங்கினார். அதையும் சொல்லக் கூடாதாம். ஒரு பாத்து சொன்னா ஆன்ட்டி ஒரு அடி கம்மியா நடப்பாங்க அங்கிள். இன்றைக்கு அடுப்படி வரைக்கும் தனியாக நடந்து போய் டீ போடுகிற யோசனைகூட நஸ்ரினுடையது இல்லை, சுலோசனாவினுடையது. உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை ஆன்ட்டி என்று அந்தப் பெண் கேட்டாள். கோயில், கடைத்தெரு, மகள் வீடு என்று எதையாவது சொல்வாள் என்று இவர் நினைத்தார். "டீ போடணும்" என்றாள். "ரெண்டு வருஷமா இந்த மனுஷன் குடுக்கற கழனித் தண்ணிய குடிக்கறேன். வாயில வெக்க முடியல." அந்தப் பெண் கட்டிலில் விழுந்து சிரித்தது. இத்தனை நாள் ஒரு வார்த்தை சொன்னாளா? தினம் டம்ளரைக் காலி செய்துதானே கொடுத்தாள்.

அடுப்படிக்குள் போய்விட்டாள். சத்தம் மாறிவிட்டது, அங்கே தரை வேறு. ஃப்ரிட்ஜ் கதவு. பால் பாக்கெட். கத்தரி எங்கே? அவர்தான் எங்கோ மாற்றி வைத்துவிட்டார், பழைய இடத்தில் தேடுவாள். சொல்லலாமா? வேண்டாம். பல்லால் கடித்திருப்பாள், துப்புகிற சத்தம் கேட்டது. பாத்திரம் அடுப்பில் உட்கார்ந்தது. இனி லைட்டர். டிக். டிக். டிக். பற்றவில்லை. கட்டைவிரல் மூட்டும் அவளுக்குத் தேய்ந்துதான் கிடக்கிறது, லைட்டரை அழுத்த அது ஒத்துழைக்காது. டிக். கேஸைத் திறந்துவிட்டாளா, திறக்கவில்லையா? திறந்துவிட்டு அடித்துக்கொண்டிருந்தால்? மூக்கை இழுத்துப் பார்த்தார். வாசனை வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. டிக். அப்புறம் லைட்டர் சத்தமும் நின்றது. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார், அந்த டாக்டரின் கருவியாக இருந்தால் முள் உடைந்திருக்கும். உடைந்திருக்குமா? போன வாரம் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துத் திறந்து வாங்கினதை அவளிடம் சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொள்வதையும் சொல்லவில்லை. அந்த நினைப்பு வந்தால் வேறு பக்கம் திரும்பிவிடுவார், இப்போது திரும்ப இடமில்லை, நாற்காலியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் மொதல்ல போயிட்டா? அதுதான். ஒரு காலையில் அவள் கட்டிலில் கண்ணை விழித்து, ஏங்க என்று கூப்பிட்டு, பதில் வராமல், மறுபடி கூப்பிட்டு, எழ முடியாமல், தண்ணீர் கை எட்டுகிற தூரத்தில் இருக்கும், இவர் அப்பால் தரையில் கிடப்பார், அவள் இந்தப் பக்கம் கட்டிலில் கிடப்பாள், பால்காரன் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். எல்லாம் எட்டும். கதவு மட்டும் எட்டாது. ரெண்டு வருஷமாக அவர் கட்டியெழுப்பினது அதைத்தான். டாக்டருக்குத் தெரியாது, நஸ்ரினுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியுமா? டீ போடணும் என்றவள் இவர் முகத்தைப் பார்க்கவே இல்லையே அப்போது. அவள் ஏன் டீயைக் கேட்டாள்? இவர் போடுகிற டீ அவ்வளவு கேவலமா, இல்லை இவளும் அன்றைக்கு வண்டியில் ஜன்னலைப் பார்த்தபடி இதே நினைப்பில்தான் வந்தாளா? புஸ்ஸென்று பற்றியது. தீப்பெட்டி. தீப்பெட்டியை எடுத்திருக்கிறாள். அவருக்கு மூச்சு வந்தது. இஞ்சி நசுங்குகிற வாசனை நிதானமாக ஹாலுக்கு வந்தது.

பால் பொங்குகிற சமயம் பார்த்து அடுப்பைக் குறைக்க வேண்டும், ஒரு கை வாக்கரில், ஒரு கை திருகியில். குறைத்துவிட்டாள். சீறல் அடங்கியது. பரவாயில்லை. பரவாயில்லை என்று நினைத்து முடிப்பதற்குள் தகரம் தரையில் விழுந்து உருண்டு சுற்றி நின்றது. தணிகாசலம் பாதி எழுந்துவிட்டார். "என்னா அது?" குரல் உடைந்து வந்தது. "சுலோ!" பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம். "வடிகட்டி" என்றாள் உள்ளேயிருந்து. "வுழுந்துடுச்சி. நான் வுழுல. குந்துங்க." குந்தினார். குந்தினது உடம்பு மட்டும்தான். வடிகட்டியை எடுக்கக் குனிவாளா? குனியாதே. குனிந்தால் முடிந்தது. ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம். அப்புறம் வடிகட்டத் துணியை உதறுகிற சத்தம், டீ ஊற்றுகிற சத்தம். உயரத்திலிருந்து ஊற்றுகிறாள், நுரை வர. பழைய கொழுப்பு போகவில்லை. அப்புறம் அமைதி. இது வேறு மாதிரி அமைதி, இதில் மூச்சு சத்தம்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே நாயைக் காணோம். கிளம்பியிருந்தால் டக் கேட்கணுமே. கேட்கவில்லை. வெப்பத்தில் மயக்கமா? மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. "என்னாங்க" என்றாள். "என்னா?" "கொஞ்சம் வாங்க." அவர் எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது, கால் கட்டைவிரல் டிவி மேசையில் இடித்ததுகூட அடுப்படி வாசலில் நின்ற பிறகுதான் வலித்தது.

மேடையில் இரண்டு டம்ளர் டீ ஆவி பறக்க நின்றது. அவள் வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இத எப்டிங்க எடுத்தாறது?" என்றாள். "ரெண்டு கையும் இதுலதான் மாட்டிகினு கீது. வாயிலயா கவ்வினு வர?" தணிகாசலத்துக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. டாக்டர் யோசிக்கவில்லை, நஸ்ரின் யோசிக்கவில்லை, நாற்காலி, தரைவிரிப்பு, தீப்பெட்டி வரைக்கும் யோசித்த இவரும் யோசிக்கவில்லை. சிரிப்பு வந்தது. வந்தால் உடனே இருமலாகிவிடும் அவருக்கு. இருமினார். "நான் ஹாலுக்கு எடுத்துனு போறேன், நீ மெதுவா வா" என்று டம்ளரில் கை வைத்தார். "வேணாம்" என்றாள். "இங்கியே குடிச்சிடலாம்." நின்றபடியேவா என்று கேட்கவில்லை. நின்றபடியேதான் குடித்தார்கள். அவள் இடுப்பை மேடையில் சாய்த்துக்கொண்டாள், ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து டம்ளரைப் பிடித்தாள். நைட்டித் துணிக்குள் இடது தொடை நடுங்கியது அவருக்குத் தெரிந்தது. நாற்காலி கொண்டுவரலாம். நாலு எட்டுதான். போட்டால் உட்கார்ந்துவிடுவாள், நடுக்கம் நின்றுவிடும். தொடை நடுங்கட்டும் அங்கிள், நடுங்கினாத்தான் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். அவர் டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதற்குமேல் கண் போகாமல் பார்த்துக்கொண்டார். டீ நாக்கைச் சுட்டது. இஞ்சி, ஏலக்காய், வேறு என்னவோ. "எப்டி கீது?" என்றாள். "ம்." "ம்முன்னா?" "நல்லா கீது." அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து அது வந்ததை நம்பாத மாதிரி. பிறகு அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, மேடையைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒரு கால் நகர்த்தி, இன்னொரு கால் நகர்த்தி, தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். வாக்கர் நின்ற இடத்திலேயே நின்றது. "ராத்திரிக்கு என்னா செய்யட்டும்?" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. ஒன்றும் வேண்டாம், கடையில் இட்லி வாங்கிக்கலாம், நீ போய் உட்கார். எல்லாம் வரிசையாக வாய்க்கு வந்து நின்றன. எப்போதும் முதலில் வருகிறதைச் சொல்லிவிடுகிற ஆள். "தோசை" என்றார். "மாவு கீதா?" "இல்ல. வாங்கியாரணும்." "அப்ப போங்க. நின்னுனு கீறீங்களே." அவள் திரும்பவில்லை, டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போக வேண்டும். அவள் நிற்கும்போதே போக வேண்டும். ஆணியிலிருந்து பையை எடுத்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். வாசலைத் திறந்துவைத்துவிட்டே போகலாமா, கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கும். ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கதவை இழுத்துச் சாத்தினார். இறங்கி நடந்தார்.